குதிரூர்ப் பூனைகளை அவற்றின் தெருவிலேயே விடுக

மழை தவறாத வெண்கோட்டு நாட்டை ஆளும் கோவிறல்வேள் பெருமானின் பணியில் நிற்கும் அமைச்சன் சேந்தன் அவிரன், நாட்டுக்கே நெல் காக்கும் குதிரூரின் நகரத் தலைவர் நெடுங்கண்ணனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஊர்க் குளங்கள் நிறைக. குதிர்கள் குறையாது நிற்க.

ஒரு சிறு புதிர் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. தெருப்பூனைகள் மிகுந்துவிட்டன என்று எண்ணி நான் சொன்னபடி, தாங்கள் அவை நூற்று முப்பதையும் பிடித்து, வாலில் அவுரிச் சாயம் தோய்த்து, ஆற்றுக்கு அப்பால் விடச் செய்தீர்கள். இரு திங்களில் எண்ணினால் நூற்று முப்பத்தாறு! போனவையே திரும்பினவோ என்று பார்த்தால், ஒன்றின் வாலிலும் சாயம் இல்லை. மீண்டும் பிடித்தோம், மீண்டும் நிறைந்தன. இதற்கிடையே எலிகள் பெருகி, ஐந்து விதைநெற் குதிர்களில் இரண்டைப் பாழாக்கின. எஞ்சிய மூன்றும் போனால் வரும் பருவத்தில் குதிரூர் வயல்கள் விதைப்பின்றிக் கிடக்கும்.

வீட்டுப் பூனைக்குக் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டுக, கயிறில்லாததைப் பிடிக்க என்று விதித்தவனும் நானே. பூனை கயிற்றை உரசிக் கழற்றிவிடும் என்று எண்ணாதுபோனேன். உப்பு விற்கும் மருதியின் பூனை அவ்வாறே பிடிபட்டது. களஞ்சியத்தின் பின்னே அது ஈன்றிருந்த நான்கு குட்டிகளும் பாலின்றி இறந்தன. அவற்றை அவள் முறத்தில் ஏந்தி வந்து, குதிரூருக்கு வந்திருந்த என் முன் வைத்தாள். தாயைத் தேட அக்கரைக்கு ஆள் விட்டேன், கிடைக்கவில்லை. பூனைகள் ஏன் குறையவில்லை என்று, நாணமின்றி, அவளிடமே கேட்டேன். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “இருந்தவனை வெரட்டிட்டு வாசலத் தொறந்து போட்டா, வேற ஒருத்தன் வந்து குந்தத்தானே செய்வான்? இதுக்கு ஒரு மந்திரி வேணுமாக்கும்!”

பின்பு அவள் வாழும் உப்புத் தெருவில் பதினைந்து நாள் அமர்ந்து கவனித்தேன். அவள் சொன்னபடியே இருந்தது. ஒரு தெருவில் எத்தனை பூனை வாழும் என்பதை அங்கு கிடைக்கும் எலியும் மீன் கழிவும் தீர்மானிக்கின்றன. குடியிருக்கும் பூனை சுவரிலும் தூணிலும் தன் மணத்தை இட்டு, அயற்பூனையை எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. அதை அகற்றினால் புதரிலிருந்து புதியவை நுழைகின்றன. அவை சண்டையிட்டு ஓய்ந்து, எலி வளைகளை அறிந்து வேட்டையாடத் தொடங்குமுன் நாம் அவற்றையும் பிடித்துவிட்டோம். எலிக்கு வழிவிட்டது என் ஆணையே. பிழை தங்களுடையதும் அன்று, காவலருடையதும் அன்று. பெருமான் முன்னும் இதை ஒப்புக்கொண்டேன்.

உப்புத் தெருவில் மட்டும் நான்கு திங்களாக வேறு முறை செய்து பார்த்தேன். காளைக்குக் காயடிக்கும் மாட்டு வைத்தியரே கடுவன் பூனைகளுக்கும் காயடித்தார். பெண் பூனைக்கு அவ்வாறு செய்யும் வித்தை நம்மிடம் இல்லை. ஆதலால் குட்டிகளைப் பால் மறந்தபின் விரும்பிய வீடுகளுக்குக் கொடுத்தோம். பதினொரு பூனைகள் இருந்தன, இன்றும் பதினொன்றே. அத்தெருக் களஞ்சியத்தில் எலிப் புழுக்கைகூட இல்லை.

ஆதலால் பெருமானின் இசைவுடன், நாரை முத்திரை இட்டு ஆணையிடுவது: வரும் அமாவாசையன்று நடக்கவிருந்த மூன்றாம் பிடிப்பை நிறுத்துக. வீட்டுப் பூனைக்குக் கயிறு வேண்டா. கழலாத அடையாளமாக வலக்காது நுனியில் சிறு வெட்டு இடுக. தெருப்பூனைக்கு இடக்காதில் இடுக. இரண்டிலும் கடுவனுக்குக் காயடிக்க. குட்டிகளைப் பால் மறந்தபின் விரும்பிய வீடுகளுக்குக் கொடுக்க. இதற்காகப் பிடித்த பூனையைப் பிடித்த தெருவிலேயே விடுக.