பதிவுத் தபாலில் நான்கு மாதங்கள்

13 பிப்ரவரி 1992, வியாழன்

சிகிச்சை முடிந்த இந்த இரண்டு வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை. மதுரை மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் வருவார். பழைய பள்ளிக் கட்டடத்தில் திரையைக் கட்டிவிட்டுக் கழுத்து, கக்கம், தொடையிடுக்கு எல்லாம் தடவிப் பார்ப்பார். ரத்தம் எடுப்பார்கள். 'சரி, போய்ட்டு வாங்க' என்பார். அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த மூன்று மாதத்தை ஓட்டுவேன்.

இன்று கட்டடம் பூட்டியிருந்தது. கதவில் ஒரு சைக்ளோஸ்டைல் தாள். முகாம் நிறுத்தப்படுகிறது, லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆனவர்கள் இனி ஆண்டுக்கு ஒருமுறை மதுரைக்கு வந்தால் போதும். கீழே கையெழுத்து இல்லை. மேலே தேதியும் இல்லை. என் அலுவலகத்தில் ஒரு கிளார்க் இப்படியொரு தாளை ஒட்டியிருந்தால் அன்று மாலைக்குள் விளக்கம் கேட்டிருப்பேன்.

வாட்ச்மேன் கருத்தையா எல்லோருடைய கார்டிலும் ரப்பர் ஸ்டாம்பு அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு 10 டிசம்பர் 1992.

"இது யார் எடுத்த முடிவு?"

"எனக்கென்ன சார் தெரியும்? ஸ்டாம்பக் குடுத்தாவ, அடிக்கேன். நல்லதுதான சார். நோவு இருந்தா இம்புட்டு நாள் விடுவாவளா?"

வரிசையில் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மம்சாபுரம் பேச்சிமுத்து தன் கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவன். அதற்கு முன் எங்கள் மில்லில் வேலை பார்த்து, என்னிடம் இரண்டு மெமோ வாங்கியவன். பரீட்சையில் தேறியவன்போலச் சிரித்துக்கொண்டு போனான்.

எதற்குச் சிரிக்கிறார்கள்? நம்மைக் கைகழுவியிருக்கிறார்கள். அது ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

14 பிப்ரவரி

மருத்துவமனைக்குக் கடிதம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். மூன்று கேள்விகள். முடிவை எடுத்தவர் யார்? எந்த மருத்துவ ஆதாரத்தின்மேல்? இடைப்பட்ட மாதங்களில் நோய் திரும்பினால் பொறுப்பு யாருடையது?

இருபத்தாறு வருடமாக மில்லில் பெர்சனெல் ஆபீசர். எழுத்தில் இல்லாதது நடக்காதது என்று தொழிலாளிக்கும் சொல்லியிருக்கிறேன், முதலாளிக்கும் சொல்லியிருக்கிறேன்.

27 பிப்ரவரி

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. மருத்துவமனையின் முத்திரை வெகு தெளிவாக விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

18 மார்ச், புதன்

காலையில் குளிக்கும்போது சோப்புக் கை நின்றது. இடது காறை எலும்புக்கு மேலே, குழியில். சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் நகர்கிறது. வலியில்லை.

முதல் தடவையும் வலியில்லை.

19 மார்ச்

இரண்டாம் கடிதம். 'இடது காறை எலும்புக்கு மேல் ஒரு நெறிக்கட்டி தென்படுகிறது. என்னை எந்தத் தேதியில் பரிசோதிப்பீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

மனைவி செல்லக்கனிக்கு நேற்றே சொல்லிவிட்டேன். இன்று காலை ஐந்தரை மணிக்கே குளித்துப் புடவை மாற்றிப் பையோடு வாசலில் நின்றாள். மதுரைக்குக் கிளம்ப வேண்டுமாம். மாட்டேன் என்றேன். டிசம்பர் என்று தேதி குறித்துக் கொடுத்தது அவர்கள். மார்ச்சில் போய் வாசலில் நின்றால் நான் யாசகன். அவர்கள் தேதியை மாற்றி எழுதி அழைத்தால் நான் நோயாளி. இந்த வித்தியாசம் அவளுக்குப் புரியவில்லை.

"எழுதுனா கட்டி கரைஞ்சிருமா?"

"கரையாது. ஆனால் அவர்கள் பதில் சொல்லியே தீரவேண்டும்."

"அவிய என்ன உங்க மில்லு ஆளுகளா, மெமோ குடுத்த ஒடனே ஓடியாறதுக்கு?"

பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிரிக்கவில்லை. அப்படியே கட்டிய பையாகக் கட்டிலடியில் இருக்கிறது.

6 ஏப்ரல்

மூன்றாம் கடிதம். முந்தைய இரண்டின் நகல்கள் இணைப்பு.

25 ஏப்ரல், சனி

ஒப்புகை அட்டைகள் மூன்று சேர்ந்துவிட்டன. தபால்காரர் எட்டயபுரத்துக்காரர், பேச்சுப் பிரியர். "சார், ஆஸ்பத்திரில உங்களுக்கு வேண்டியவுக யாரும் இருக்காகளா? மாசம் தவறாம லெட்டர் போகுதே" என்றார். ஒருவரும் இல்லை. அதுதானே குற்றச்சாட்டு.

பயப்படுகிறேனா? எழுதும்போது பயமில்லை. வாக்கியம் ஒழுங்காக அமையும்போது உடம்பும் ஒழுங்காக இருப்பதுபோல ஒரு திடம் வருகிறது. காலையில் விரலை வைத்துப் பார்க்கும்போது அது போய்விடுகிறது. கட்டி இப்போது சுண்டைக்காய் அளவு அல்ல.

14 மே, வியாழன்

அக்னி நட்சத்திரம். மாலையானால் உடம்பு சுடுகிறது. காலையில் தலையணை நனைந்திருக்கிறது. இந்த வெயிலில் ராஜபாளையம் முழுக்கத்தான் வியர்க்கிறது என்றேன்.

"எனக்குந்தான் வேர்க்கு. என் தலையண நனையலெ."

 அவள் சோறு போட்டாள், மோர் ஊற்றினாள்.

சுகாதாரத் துறைக்கு எழுதியிருக்கிறேன். நான்கு பக்கம். இதுவரை நான் எழுதியவற்றில் இதுதான் சிறந்தது.

7 ஜூன், ஞாயிறு

பேச்சிமுத்து வந்தான், மகள் கல்யாணப் பத்திரிகையோடு. செல்லக்கனி காப்பி கொடுத்தாள். பேச்சுவாக்கில் சொல்கிறான்: சித்திரையில் அவனுக்குத் தாடைக்குக் கீழே கட்டி வந்ததாம், மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தானாம்.

"உன் கார்டில் என்ன தேதி?"

"உங்களுக்குப் போட்டதுதான் சார். டிசம்பரு."

"அப்புறம் எப்படி உள்ளே விட்டார்கள்?"

"நான் கார்டக் காட்டலெ சார். கழுத்தக் காட்டுனேன். 'ஏம்மா, வீங்கியிருக்கு, செத்த பாருங்க'ன்னேன். பாத்துட்டாவ. சொத்தப் பல்லுனால வந்துருக்காம். புடுங்கி விட்டுட்டாவ." வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான்.

"தேதிக்கு முன்னால் வந்ததற்கு ஒன்றும் கேட்கவில்லையா?"

"என்ன கேக்கப்போறாவ? சார், எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க குடுத்த ரெண்டு மெமோவயே யாரயாச்சும் புடிச்சுத்தான் வாசிச்சேன். கார்டுல வராதேன்னா போட்டுருந்துச்சு?"

செல்லக்கனி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்து, "இவுகளுக்கும் இருக்கு அண்ணே. மார்ச்சுலேர்ந்து" என்றாள்.

பேச்சிமுத்துவின் சிரிப்பு போய்விட்டது. தம்ளரைக் கீழே வைத்தான். "மார்ச்சுலேர்ந்தா? பொறவு என்ன சார் பண்ணிக்கிட்டு இருக்கீக?"

இருபத்தாறு வருடத்தில் எந்தத் தொழிலாளியும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. கேட்டான். 

9 ஜூன், செவ்வாய்

மதுரை. முதல் பஸ்.

வாசலில் தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திவைத்திருந்தேன். ஒருவனும் தடுக்கவில்லை. கார்டைக்கூடக் கேட்கவில்லை. அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். பெயரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். இந்த அரை மணி நேரத்தை நான் எண்பத்து மூன்று நாளாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கிருபாபாய், முப்பது வயதிருக்கும். விரல் வைத்த இடத்திலேயே நின்றது.

"எப்ப இருந்து இருக்கு?"

"மார்ச் பதினெட்டு."

"தேதி சொல்றீங்களே. அன்னைக்கே ஏன் வரலை?"

ஃபைலை நீட்டினேன். நகல்கள், அட்டைகள், வரிசை எண். இரண்டு தாளைப் புரட்டினார். "இதெல்லாம் மாடியில ஆபீசுக்குப் போகும் சார். எங்க கண்ணுக்கே வராது. நான் ஒரு நாளும் மாடிக்குப் போனதில்லை."

செல்லக்கனி அழவில்லை. கட்டிலடியில் மூன்று மாதம் கிடந்த அந்தப் பையைத்தான் எடுத்துவந்திருந்தாள். மடிப்புக் கலையாத என் வேட்டியை அதிலிருந்து உருவி எடுத்தாள்.

நாளை சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

24 ஜூன்

திரும்பியிருக்கிறது. நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது. மார்ச்சில் வந்திருந்தால் கழுத்தோடு நின்றிருக்குமா என்று கேட்டேன். டாக்டர் பொய் சொல்லவும் இல்லை, உண்மை சொல்லவும் இல்லை. "இப்ப ஆரம்பிப்போம் சார்" என்றார்.

இரண்டையும் பிரித்து எழுதிவைக்கிறேன், குழம்பிவிடக் கூடாது. ஒன்று: கையெழுத்தில்லாத ஒரு தாளை ஒட்டிவிட்டு எங்கள் ஊர்ப்பக்கத்து நோயாளிகளைக் கைவிட்டார்கள். கட்டி வந்தால் உடனே வாருங்கள் என்று அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்க அவர்களுக்குக் கை வரவில்லை. இரண்டு: அந்த வரி இல்லாமலே பேச்சிமுத்துவுக்குத் தெரிந்தது, முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா? தெரிந்தது. அவர்கள் தலைகுனிந்து கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உடம்பு என்னுடையது என்பதே மறந்துபோச்சு. எழவு, எதுக்குய்யா அந்த நாலு பக்கம்?

என் முட்டாள்தனம் அவர்கள் குற்றத்தில் ஒரு பங்கையும் குறைக்காது. அவர்கள் குற்றம் என் முட்டாள்தனத்தையும் குறைக்காது.

11 ஜூலை, சனி

முதல் ஊசி முடிந்து பத்து நாள். வார்டில் இருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து செல்லக்கனியின் தம்பி தபால்களைக் கொண்டுவந்தான். மருத்துவமனையிலிருந்து ஒன்று, மாடியிலிருந்து. 'தங்கள் 14.2.92 தேதியிட்ட கடிதம் பரிசீலனையில் உள்ளது.'

கீழே நான் படுத்திருக்கிறேன். மேலே பரிசீலிக்கிறார்கள்.

2 ஆகஸ்ட்

வாந்தி. எழுத முடியவில்லை.

20 ஆகஸ்ட், வியாழன்

மூன்றாவது ஊசி. கழுத்துக் கட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது. நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லையாம்.

செல்லக்கனி டாக்டரிடம் கேட்டாள்: "இது முடிஞ்ச பொறவு எம்புட்டு நாளைக்கு ஒருக்க வரணும்?"

"முதல்ல முடியட்டும்மா. அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க."

"நடுவுல எதும் ஒண்ணுன்னா?"

"அன்னைக்கே வாங்க. யாரையும் கேட்க வேண்டாம்."

அதை எழுதித் தருவீர்களா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்துவிட்டது. செல்லக்கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.