இடது குழல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹுவாலியனில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

உப்பளக் கரையில் கரண்டிவாயன் பறவைகள் வந்து இறங்கிவிட்டன. அவற்றை எண்ண அலுவலகம் தந்திருப்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. எனக்கென்று மலிவாக ஒரு பைனாகுலர் வாங்கத் தைனான் போனேன். ஒன்றைக் கையில் எடுத்து, கடை வாசலில் நின்று அதன் வழியே எதிரே கோயில் கூரையிலிருந்த டிராகன் சிற்பத்தைப் பார்த்தேன்.

“அக்கா, இதுல இடது குழல் மங்கலா இருக்கு,” என்றேன் கடைக்காரப் பெண்ணிடம்.

“குடுக்குற காசுக்கு டிராகன் எழுந்து வந்து கும்பிடு போடுமா தம்பி? இந்தா, வேற பாரு.”

நன்றாகச் சிரித்தோம். ஒன்றும் வாங்கவில்லை.

என் கம்பளி உள்சட்டையை அனுப்புங்கள். நீங்கள் போட்ட முள்ளங்கி ஊறுகாயும் கொஞ்சம். தனியாகச் சாப்பிடுவதால் சோறு மீந்துவிடுகிறது. நீர் ஏறுகிறது, பறவைகள் கரைக்கு வரும் நேரம். கிளம்ப வேண்டும்.

அப்பாவுக்கு இதுவரை வாசித்துக் காட்டினால் போதும். மீதி உங்களுக்கு மட்டும்.

கடையில் தந்த அடுத்த பைனாகுலரிலும் இடப்பக்கம் மங்கல்தான். அக்கா வாங்கிப் பார்த்தார். “டிராகன் மீசை வரைக்கும் தெரியுதே. எங்க, தலைகீழாப் பிடிச்சுப் பாரு.”

அப்படிப் பிடித்தால் குழல்கள் இடம் மாறும். மாறின. மங்கல் மட்டும் என் இடது கண்ணிலேயே இருந்தது. அவர் பிறகு கேலி பேசவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார்.

அம்மா, அப்பாவுக்குப் பார்வை போகத் தொடங்கியபோது முதலில் மங்கியது எந்தக் கண்? அவரிடம் கேட்காதீர்கள். உங்களுக்கே நினைவிருக்கும்.

ஜிங்-யுவான்