பதின்மூன்றாவது படி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அதை முதலில் நம்பிவிட்டு மேலே படி. அங்கே நீயும் மருமகளும் சுகம்தானே.

செவ்வாய்க்கிழமை காலையில் சாக்கு எடுக்கக் கிடங்கைத் திறந்தேன், ஆற்றுப் பக்கச் சுவரைக் காணோம். அதற்குப் பின்னால் உனக்கென்று விட்டுவைத்த மனையில் பாதியும் இல்லை. வெள்ளமில்லை, ஒரு தூறல்கூட இல்லை. உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, காத்து வர ஜன்னல் வேணும்னியே, ஆறு மொத்தமா தொறந்து விட்டுடுச்சு பாரு என்கிறார். அந்த நேரத்திலும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

அளவெடுக்க ஒரு பொறியாளர் பெண் வந்தாள். நம் படித்துறையில் இறங்கிப் படிகளை எண்ணினாள். நீ குளித்த காலத்தில் ஒன்பது. தண்ணீர் கீழே போகப் போக நான்தான் கொத்தனாரை வைத்து அடியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், இப்போது பதின்மூன்று. ஆறு வற்றுகிறது என்றே நினைத்திருந்தேன். அவளோ, தண்ணி குறையலம்மா, ஆத்தோட தரைதான் கீழ எறங்கிடுச்சு என்றாள். மேலே உள்ள பழைய தடுப்பணை மணலையும் வண்டலையும் பிடித்துவைத்துக்கொள்கிறதாம். வெறுங்கையோடு வரும் தண்ணீர் இங்கே அடித்தரையையும் கரையையும் அரித்து அள்ளிக்கொண்டு போகிறதாம். கண்ணாடி மாதிரித் தண்ணீர் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேனே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாக்கைத் தொட்டே சரக்கைச் சொல்பவள், கண்ணெதிரே நாலு படி கட்டியும் கோட்டை விட்டேன்.

உன்னிடம் மறைப்பானேன், போன வருடம் அந்த அணையை எடுக்க அதிகாரிகள் வந்தபோது, சேறு வந்து துறை மூடிவிடும் என்று கடைத்தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கித் தடுத்தவள் நான். முதல் கையெழுத்தே என்னுடையதுதான். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் சேறு மொத்தமாக வராது என்று அப்போதே சொன்னார்கள், நான் காதில் வாங்கவில்லை. நாளை அணையை எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்க அதே கடைகளில் ஏறி இறங்கப்போகிறேன். கயிற்றுக்கடைக்காரர், ஏன்க்கா, போன வருஷம் அணை வேணும்னீங்க, இப்ப வேணாங்கறீங்க, அடுத்த வருஷம் ஆறே வேணாம்பீங்களா என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். கேட்கட்டும், கேட்கவேண்டியதுதான்.

மிச்ச மனையில் வீடு கட்டலாம் என்று எண்ணாதே. நானே மனசு மாறிக் கூப்பிட்டாலும் கேட்காதே. நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தில் எங்களுக்கென்று ஆற்றைப் பார்த்து ஒரு அறை போட்டிருந்தாய், அந்த இடத்தில்தான் இப்போது தண்ணீர் ஓடுகிறது. வேலையை விட்டு இங்கே வந்துவிடுவதாக எழுதியிருந்தாயே, அந்த ராஜினாமாக் கடிதத்தை அங்கே கொடுத்துவிடாதே. இதை மட்டும் மறக்காதே.

நீங்கள் இருவரும் நிற்கிற இடம் கெட்டியாக இருக்கட்டும், நிறைவாக வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

பதினாலாவது படிக்குக் கொத்தனாரிடம் சொல்லிவைத்திருந்தேன். இன்று காலை நானே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன்.