தப்பு உப்பு

ஆடி 12, திங்கள்.

காற்றாலைக் கரண்ட்டைத் தண்ணீருக்குள் விட்டு ஹைட்ரஜனாகச் சேமிப்பதை மகள் நாளை கல்லூரியில் செய்துகாட்ட வேண்டும். ஒத்திகைக்கு, தண்ணீரில் கரண்ட் பாய்வதற்காக, கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) கேட்டாள். எங்கள் சாயப்பட்டறையில் அது தீர்ந்தால் சாதா உப்பைப் போட்டே சாயம் ஏற்றிவிடுவோம். அதே மேதாவித்தனத்தில் சாதா உப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். கரண்ட் விட்டதும் மூச்சை அடைக்கும் குளோரின் கிளம்பியது. குனிந்து பார்த்தவள் இருமித் துவண்டுபோனாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் கண்ணு.”

“சரியாயிருச்சுங்கப்பா. நாளைக்கு நீங்களும் வாங்க, எதைப் பண்ணக்கூடாதுன்னு காட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

சிரித்துவைத்தேன். படுத்தபிறகும் அவள் அறையிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. பேனாவை இப்படியே வைத்துவிட்டு, மூச்சு சீராக வருகிறதா என்று போய்ப் பார்க்கிறேன்.