பதின்மூன்றாவது கதை

ஜூன் 3, செவ்வாய்

பதிப்பாளர் போன் செய்தார். "ஒம்பது வருஷமாச்சு சார். முப்பதாம் தேதிக்குள்ள நாவலோட முதல் பாகமாவது வரலைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடறேன். கோவிச்சுக்காதீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. மேசையைத் துடைத்தேன். பிறகு பேனாக்களையும் துடைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் அத்தியாயம் நன்றாக இருக்கிறதா, இல்லையா? யாரைக் கேட்பது? மனைவி பல் மருத்துவர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வந்து, என் இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை விடுகிறாள். எழுத்தாள நண்பர்கள் 'அருமை' என்பார்கள். அவர்கள் நாவல்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லித் தொலைத்தேன்.

ஒரு யோசனை. என் சிறுகதை வகுப்பில் கதைகளைப் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டுத்தான் சுற்றுக்கு விடுவோம். எழுதியது யார் என்று எனக்கு மட்டுமே தெரியும். எல்லாரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. நான் போட்ட சட்டம். பன்னிரண்டு மாணவர்கள், பன்னிரண்டு கதைகள். பதின்மூன்றாவதாக ஒன்றைச் செருகினால் யார் எண்ணப்போகிறார்கள்?

ஜூன் 10, செவ்வாய்

எண்ணவில்லை. ஆனால் படித்துவிட்டார்கள்.

முன்வரிசைப் பெண் (நான் வைத்த பெயர் கத்தரிக்கோல்) ஆரம்பித்தாள்: "பத்து பக்கமா மழை பெய்யுது சார். ஒருத்தர்கூட நனையல."

கடைசி வரிசைத் தாடிக்காரன்: "எழுதினது யாருன்னு தெரியல. ஆனா அகராதியை அப்படியே முழுங்கியிருக்கான். பாவம், செரிக்கல."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

ஜூன் 12, வியாழன்

மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பதின்மூன்றாம் எண்ணுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பக்கத்தில் ஒரு குறிப்பும்: 'நுட்பமான தொனி! அவசரக்காரர்களுக்குப் புரியாது.' வெட்கமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது — ஆறுதல்தான் அதிகம்.

ஜூன் 13, வெள்ளி

துறைத்தலைவி கூப்பிட்டு அனுப்பினார். நான் பாரபட்சம் காட்டுவதாக மாணவர்கள் புகார்.

"யாரு சார் அந்தச் செல்லப்பிள்ளை? வகுப்புல இருக்கற பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அந்தப் பிள்ளையுமா தனக்கு எதிரா போட்டுச்சு?"

மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகச் சுற்றியது.

"அது யாருன்னு செவ்வாய்க்கிழமை வகுப்புல சொல்லிடுங்க," என்றார். கண்டுபிடித்துவிட்டாரா? தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மனைவியிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஏங்க, சொத்தைப் பல்லுக்கு மேல பாலிஷ் போட்டா சரியாயிடுமா? பிடுங்கிப் போடுங்க."

"பத்து பக்கம்மா அது!"

"வேர் எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவும்."

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். "அது என்னோடது."

தாடிக்காரன் நோட்டைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான், கல்லூரியை விட்டே கிளம்புகிறவனைப் போல.

கத்தரிக்கோல் மட்டும் கேட்டாள்: "அப்ப அந்தத் தொண்ணூத்தாறு?"

"நானே போட்டுக்கிட்டேன்."

"சார்!"

பட்டியலைக் கழற்றிக்கொண்டு வந்து, எல்லாரும் கூடிப் பேசி, எனக்கு நாற்பத்திரண்டு போட்டார்கள். "பாஸ்தான் சார்," என்று தேற்றினான் தாடிக்காரன். இனி எழுதியவர் பேசலாம் என்றார்கள். "மழை ஒரு குறியீடு..." என்று ஆரம்பித்தேன். மறுபடி சிரிப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்ததும் கத்தரிக்கோல் மேசையருகே வந்தாள். "பதினோராம் பக்கத்துல அண்ணி வந்து கதவைத் தட்டறாங்கல்ல, அங்கதான் சார் கதை ஆரம்பிக்குது."

வீட்டுக்கு வந்து பத்துப் பக்கத்தையும் அழித்தேன். ஒம்பது வருஷம்! எத்தனை லீவு, எத்தனை ஞாயித்துக்கிழமை — அத்தனையும் மழையாடா பெய்ய விட்டே, மடையா? அழுதேன். பிறகு பசித்தது.

ஜூன் 30, திங்கள்

காலையில் முப்பத்தொரு பக்கம் அனுப்பினேன். முதல் பாகம் என்றால் இருநூறாவது இருக்க வேண்டும். ரத்துதான் என்று முடிவு செய்து, சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குப் பதிப்பாளர் போன். "என்ன சார் இது, அண்ணி கதவைத் திறக்கற இடத்துல நிறுத்திட்டீங்க?"

"ஒப்பந்தம்..."

"அது கிடக்கட்டும் சார். உள்ள யாரு இருந்தா? அதைச் சொல்லுங்க முதல்ல."

எனக்கே தெரியாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும். டைரியை மூடுகிறேன்.