கடைசி வரிக்கு ஊற்றிய தண்ணீர்

பதிவு 1. மே 9, 2071. காலை 9.40. துருக்கி, அனத்தோலியா, பாறைப் பிளவு.

நான் ரெங்கநாயகி, கல்வெட்டு ஆய்வாளர். நினைப்பதையெல்லாம் காதுக்குப் பின்னால் பதித்த சில்லு எழுதிக்கொள்கிறது. சுவரில் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹிட்டைட் அரசர் காலத்துச் சாமிகள் பன்னிரண்டு பேர், கூம்புத் தொப்பியும் நுனி வளைந்த செருப்புமாக வரிசையில் நடக்கிறார்கள். வரிசையில் கடைசி ஆளுக்குப் பின்னால் சுவரை வழவழப்பாக்கி வெறுமனே விட்டிருக்கிறார்கள். ஏனென்று தெரியவில்லை.

மேலே பட எழுத்தில் மூன்று வரி. கடைசி வரியைச் சுண்ணாம்பு மூடியிருக்கிறது, ஸ்கேனருக்குப் பிடிபடவில்லை. நம்மூர் வழக்கப்படி எழுத்தையும் சாமிகளையும் சேர்த்துக் கல்லைக் கழுவி, ஈரத்தாள் ஒட்டி, மை ஒற்றிப் படி எடுக்கப்போகிறேன். மேலே கூடாரத்தில் இருக்கும் என் உதவியாள் சோணைமுத்து வாக்கிடாக்கியில் கிண்டலடிக்கிறான். இந்த எழுத்து ஒன்றுகூட அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் படியெடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

பதிவு 2. முற்பகல் 11.15.

ஒரு கேன் தண்ணீரையும் கல் குடித்துவிட்டது. தரைக்கு ஒரு சொட்டு வரவில்லை. சுண்ணாம்பு இளகியது, தாள் காய்கிறது. இன்னும் இரண்டு கேன் கொண்டுவரச் சொன்னேன். விரல் நுனி மரத்திருக்கிறது. குளிர்தான்.

பதிவு 3. மதியம் 12.05.

குளிர் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தேன், நனைந்த கல்லின் மேல்தோல் ஊர்கிறது. என் நகத்தடியிலும் அதே துகள், அதே ஊர்தல். மணிக்கட்டு வரை சாம்பல் நிறம். விரலை மடக்க முடியவில்லை. லேசில் பயப்படுகிறவள் இல்லை நான். இப்போது பயமாக இருக்கிறது.

தாளை உரித்துக் கடைசி வரியை வாசித்தேன். "இவர்கள் தெய்வங்கள் அல்ல, மனிதர்கள். இவர்களுக்குத் தண்ணீர் காட்டாதே. நனைத்தவருக்கும் இடம் விட்டிருக்கிறோம்."

இதை வாசிக்கத்தானே நனைத்தேன்.

வாக்கிடாக்கியில் சோணை: "ரெண்டு கேனோட இறங்கிட்டேன்க்கா. இந்தா வந்துர்றேன்."

வராதே என்று கத்தப் பார்த்தேன். தாடை அசையவில்லை.

பதிவு 4. 12.20.

கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவையே என்னைச் சுவருக்குக் கொண்டுபோயின. தோள் கல்லுக்குள் போய்விட்டது. வலிக்கவில்லை. வலித்தால்கூடத் தேவலை. எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகு தெரிகிறது. சில்லில் என்னுடையதல்லாத நினைப்பு ஒன்று விழுகிறது. தாகம். தாகம்.

பதிவு 5. நேரம் தெரியவில்லை.

சோணை வந்துவிட்டான். தாளையும் சுவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். வாக்கிடாக்கியை எடுக்கிறான்.

"அக்கா, எங்க போயிட்டீங்க? தாள்ல பன்னெண்டு பேருதான் இருக்காங்க. இங்க பதிமூணாவதா ஒரு பொம்பளச் சாமி நிக்குது. மூஞ்சி பூரா சுண்ணாம்பு. நீங்க வர்றதுக்குள்ள கழுவி வச்சிர்றேன்."

கேனைத் திறக்கிறான். கழுவாதே. நான்தான் சோணை, கழுவாதே. எனக்குப் பின்னால் இன்னும் இடம் இருக்கிறது. ஓடிப்போய்விடு.

நெற்றியில் ஈரம். கண்ணில். உதட்டில்.

போய்விடு சோணை. போ

எவ்வளவு இதமாக

இன்னும் கொஞ்சம் ஊற்று