கட்டிலுக்கு ஒரு திருகு

12.2.1961, ஞாயிறு
பத்மாசனி இன்றும் இருந்தபடியேதான் உறங்கினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. இதயத்தில் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லையாம். வெட்டித் தைக்க உடம்பு தாங்காது, தலைமாட்டை உயர்த்தி வையுங்கோ என்று யாழ்ப்பாணத்து டொக்டர் அனுப்பிவிட்டார். என் பிள்ளைக்குப் பதினாறு வயது. பதினாலு வருசமாக, வயலுக்குத் தண்ணீர் விடக் குளத்தில் துருசுக் கதவு திறக்கிறவன் நான். பெரிய ஆள்தான்!

தலையணை அடுக்கினால் சரிந்து வருகிறாள். கட்டில் காலுக்குக் கல் வைத்தால் ஒரே உயரம். நேரத்துக்கு நேரம் கூட்டிக் குறைக்க வேணும். துருசுக் கதவைத் தூக்குகிற திருகு இருந்தால்?

18.2, சனி
கழித்துப்போட்ட திருகு ஒன்றை எடுக்கக் குளத்து ஓவசியர் எழுதித் தந்தார். கிளிநொச்சியில் பழைய இரும்பு விற்கிற மீராசாகிபு நானாவிடம் உருளுகிற சின்னச் சில்லு நாலு கேட்டேன்.
"கட்டிலுக்குச் சில்லா? பொஞ்சாதியோட சண்டையா, எங்க ஓடப் போறீங்க?"
மகளுக்கு என்றேன். பிறகு அவர் சிரிக்கவில்லை. நாலையும் தானே மண்ணெண்ணெயில் கழுவித் தந்தார்.

26.2, ஞாயிறு
திருகைக் கட்டிலில் பூட்டியாயிற்று. தலைமாட்டில் இரண்டு தூண், நடுவில் திருகு. ஒரு சுற்றுக்குக் கால் அங்குலம் ஏறும். சில்லுகள் தூணைப் பிடித்து ஓடும், கட்டில் கோணாது. இதெல்லாம் கணக்கு. ஐந்தாம் சுற்றில் இறுகிவிட்டது. முழுப் பலத்தோடு திருக, கைபிடி கழன்று நான் குசினி வாசலில் போய் விழுந்தேன்.
"ஐயா, குளத்திலையும் இப்பிடித்தானோ? வயல் விளைஞ்ச மாதிரித்தான்!"
பத்மாசனி சிரித்தாள். சிரித்து, இருமி, உதடு நீலமாகி - இனி அவள் முன்னால் விழக்கூடாது.

27.2
பிழை என்னுடையது. தூண் இரண்டும் ஒரே சீரில்லை. நானோ இரண்டு பக்கச் சில்லையும் இறுக்கிவிட்டேன். ஒரு பக்கம் பிடிக்கவேணும், மற்றப் பக்கம் கொஞ்சம் அசைய இடம் விடவேணும். விட்டேன். ஏறியது. இருபத்துநாலு சுற்று. பிள்ளை சாய்ந்து உறங்கினாள்.
"கையை விட்டா இறங்கிப் போகாதோ?" என்று என் மனிசி நாகேஸ்வரி கேட்டா.
திருகு தானாக இறங்காது, ஆராவது திருப்பினால்தான் என்றேன்.
"அப்ப நீங்களும் போய்ப் படுங்கோவன்."

19.3
ஒரு சில்லு கீச்சிடுகிறது. கிறீஸ் எடுத்தேன்.
"வேண்டாம் ஐயா. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கேக்க அந்தச் சத்தம் கேட்டா, நீங்கள் நிக்கிறியள் எண்டு தெரியும்."
முப்பத்தாறு சுற்று.

9.4
நாற்பத்தெட்டு.

30.4, ஞாயிறு
"ஒருக்கா நேராப் படுக்க ஆசையா இருக்கு ஐயா. அஞ்சு நிமிசம்."
மாட்டன் எண்டிட்டன். அஞ்சே அஞ்சு நிமிசம் கேட்டவள். ஏன் மறிச்சனான்? மறிக்காமல் வேறை என்ன செய்யிறது?
அறுபது. திருகில் இன்னும் பத்துச் சுற்றுத்தான் மிச்சம்.

11.5, வியாழன்
விடியப் போய்விட்டாள்.
ஆக்கள் வரமுன் கட்டிலை இறக்கச் சொன்னா நாகேஸ்வரி. வேறு ஒருவரையும் கைபிடியைத் தொட விடவில்லை. அறுபத்தாறு சுற்று. சில்லு கீச்சிட்டுக்கொண்டே வந்தது. நடுவில் நிப்பாட்டி முகத்தைப் பார்த்தன், மூச்சு முட்டுதோ எண்டு. விசரன் நான்.
நேராகப் படுத்திருக்கிறாள்.

18.6
துருசுக்குக் கிறீஸ் போடும் நாள். மிஞ்சினதைக் கொண்டுவந்து கட்டிலில் கீச்சிட்ட சில்லுக்கும் போட்டேன். நாகேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றா.